பதினேழு ஒன்றுகள்

பழனிமுத்து போய்விட்டார் என்ற செய்தி, நான் ஆத்தூர்ச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்த அவர் மைத்துனர்தான் சொன்னார். ஐயோ என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் மறைப்பானேன், உட்கார்ந்தவுடன் எனக்குள் எழுந்த முதல் கேள்வி, "பதினேழு ஒன்றுகளை முடித்துவிட்டாரா?" என்பதுதான்.

நாங்கள் இருவரும் நாமக்கல்லில் ஒரே பள்ளியில் கணக்கு வாத்தியார்கள். அங்கேதான் அந்தப் பைத்தியம் பிடித்தது. ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதுங்கள்: 1111111. இதை மீதியின்றி வகுக்கும் எண் உண்டா, அல்லது இது பகா எண்ணா? நான் மூன்று, ஏழு, பதினொன்று என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டே போனேன். 233 வரை வந்து, கை ஓய்ந்து, "வகுபடாது, பகா எண்தான்" என்று ஆசிரியர் அறையில் அறிவித்தும் விட்டேன். பழனிமுத்து சோற்றுத் தூக்கைத் திறந்தபடியே, "239 போட்டுப் பாத்தீங்களாங்க?" என்றார். 233-க்கு அடுத்த பகா எண்! போட்டேன். 4649 என்று மீதியில்லாமல் வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைவிட எரிச்சல், மனிதர் எட்டே எட்டு முறைதான் வகுத்திருந்தார். ஏழு ஒன்றுகளை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை ஏழால் வகுத்தால் ஒன்று மீதி வரும் என்று முதலிலேயே கண்டுகொண்டு, மற்றவற்றைத் தள்ளிவிட்டார். "வகுக்கறதுக்கு மின்னாடி சித்த யோசிக்கோணுமுங்க" என்பார். அந்த "ங்க"வில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு குத்தல்!

பிறகு எனக்கு ஆத்தூருக்கு மாற்றலாயிற்று. கிளம்பும்போது அவரே சவால் விட்டார்: "பதினேழு ஒண்ணுங்க. ஆரு மொதல்ல ஒடைக்கறதுன்னு பாப்பமுங்க." உடைக்க, அதாவது அதை வகுக்கும் எண்ணைக் கண்டுபிடிக்க, இப்போது பதினேழால் வகுத்து ஒன்று மீதி வரும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவர் வழியிலேயே அவரை முந்திவிட வேண்டுமென்று வருஷக்கணக்கில் வகுத்தேன். நான்கு இலக்கத்தைத் தாண்ட முடியவில்லை. 'முடித்துவிட்டேன்' என்று அவரிடமிருந்து கார்டு வந்துவிடுமோ என்று, தபால்காரரைக் கண்டாலே சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவேன்.

துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்குப் போனேன். யுத்தகாலக் காகிதப் பஞ்சத்தில், மாட்டுக் கொட்டகைச் சுவர் முழுக்கக் கரியால் வகுத்திருந்தார். கடைசி மூலையில் 10099. அதன் கீழே மீதி. உடைக்கவில்லை! துக்க வீட்டில் நின்றுகொண்டு என் மனசு துள்ளியதே, அதை என்னவென்று சொல்ல? அப்போது அவர் மனைவி வந்து நின்றார்.

"ஏனுங்க, நீங்க கண்டுபுடிச்சுட்டீங்களா?"

"இல்லம்மா."

"அவிய கடைசி வரைக்கும் அதே பொலம்பலுங்க. 'ஆத்தூர்க்காரரு விடமாட்டாரு, எனக்கு முந்திக் கண்டுபுடிச்சுப்போடுவாரு'ன்னு சோறுகூடத் திங்க மாட்டாங்க."

என்மேல் அவருக்குப் பொறாமை! அட பாவி மனுஷா, இதை ஒரு கார்டில் எழுதியிருக்கக் கூடாதா? எத்தனை வேளை நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்!

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சுவரில் எழுதாமல் விட்ட அடுத்த எண்ணைத்தான். 10133. ஊர் திரும்பியதும் போட்டுப் பார்த்தேன். மீதி வந்தது. அடுத்ததற்குப் போயிருக்கிறேன். என்றைக்காவது ஒருநாள் உடையத்தான் போகிறது. உடைந்து என்ன, வயிறெரிய அவர் இல்லையே.