முதல் எதிர்மனுதாரரின் தலையணை

நாகர்கோவில் கோர்ட்டில் அவரை முதல் எதிர்மனுதாரர் என்றே அழைத்தார்கள். கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் என் காரைப் பின்னாலிருந்து இடித்தவர். கழுத்திலும் முதுகிலும் பட்ட அடிக்கு நஷ்டஈடு கேட்டு நான் வழக்குப் போட்டிருந்தேன்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள், கழுத்துப்பட்டையோடு போவேன். அவர் வெள்ளைச் சட்டையும் தடித்த கண்ணாடியுமாக, கக்கத்தில் பூப்போட்ட தலையணையோடு வருவார். முதல் நாள் வராந்தா பெஞ்சில் நான் நெளிந்ததைப் பார்த்ததிலிருந்து அந்தப் பழக்கம். இடித்த பிறகு அவர் காரைத் தொடவில்லை. பஸ்ஸில்தான் வரவு.

"முதுகுக்கு வச்சுக்க மக்ளே. கேஸு அது பாட்டுக்கு நடக்கட்டு."

எனக்கு வலியே இல்லை என்பது அவர் காரின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலின் வாதம். அதை நிரூபிக்க முதல் எதிர்மனுதாரரையே கூண்டில் ஏற்றினார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருக்கீங்க. முன்னாடியே பழக்கமா?"

"இடிச்ச பொறவுதான் பழக்கம் சார்."

"அந்தப் பொண்ணு நடிக்குதுன்னு தோணலையா?"

"நடிப்புன்னா நான் எதுக்கு சார் கருங்கல்லுல இருந்து தலையணைய சொமந்துட்டு வரணும்? கண்டக்டர் பாத்து சிரிக்கான்."

நீதிபதி கேஸ் ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார். சிரித்தால் முதுகு வலிக்கும் என்பதால் நான் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. தலையணையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அடுத்த வாரம் திரும்ப காரை எடுக்கப் போறேன் மக்ளே. நீயே வச்சுக்க, தேவைப்படும்."

இப்போது முதுகு சரியாகிவிட்டது. கருங்கல் பக்கம் போகும்போது பின்னால் ஹாரன் கேட்டால், அவராக இருக்குமோ என்று கண்ணாடியில் ஆசையாகப் பார்க்கிறேன்.