சிவப்பு டேக் விழுந்த பெட்டி

பிள்ளைப்பாக்கத்தில் நானும் என் அறைத்தோழனும் வாடகைக்கு இருந்த அறையில், என் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ ஆபீசில் கழித்துப்போட்டது. வீட்டு சர்வருக்கென்றே பலர் கூடி எழுதி, இலவசமாகக் கொடுக்கும் ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் ஒன்றை அதில் ஏற்றியிருந்தேன். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. போட்டோ, பாட்டு, ஃபைல் எதுவானாலும் போனிலிருந்தே அதில் போடலாம், எடுக்கலாம். நம் சாமான் எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் எதற்குக் கிடக்க வேண்டும் என்று டீக்கடையில் பிரசங்கமே செய்வேன். கேட்டவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள்.

மாட்டியது அறைத்தோழன் மட்டும்தான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அவன் அம்மா முந்தின வருஷம் தவறிப்போயிருந்தார். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை அழிக்க மனமில்லாமல் போன் நிரம்பித் திணறியது. நான்தான் எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றினேன். "இனி போன்ல அழிச்சிரு மாப்ள, இது நம்ம வீட்லயே பத்திரமா இருக்கும்" என்றேன். நம்பி அழித்தான். அதை இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆயுத பூஜை அன்று கம்பெனிகளில் உற்பத்தி லைன் ஓடாது. லைன் ஓடாத நாளில்தான் என்னைப் போன்ற மெயின்டனன்ஸ்காரனுக்கு வேலை. அறைத்தோழனுக்கு லீவு. அவன் வேலை என்னவென்று சொல்ல வேண்டும்: மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரைச் சுற்றி வந்து, வேண்டாத பொருளைக் கண்டால் சிவப்பு டேக் கட்டி வெளியேற்றுவது. அந்த வியாதி அறைக்கும் வந்திருந்தது. என் செருப்புக்குக்கூடத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி இடம் ஒதுக்கியிருந்தான்.

மத்தியானம் நான் திரும்பியபோது அறை பளபளவென்று இருந்தது. சுவரில் லைட் மின்னும் வைஃபை பெட்டிக்குச் சந்தனப் பொட்டு. கட்டிலுக்கு அடியில் ஒரு புது நீல வாளி.

கம்ப்யூட்டர் பெட்டி எங்கே என்றேன். மானிட்டரும் இல்லை, கீபோர்டும் இல்லை, ஒருத்தரும் தொடுவதுமில்லை, அதனால் சிவப்பு டேக் போட்டேன், பழைய இரும்புக் கடையில் அதற்கு இந்த வாளி கொடுத்தார்கள் என்று பெருமையாகச் சொன்னான்.

"அதுதான் மாப்ள சர்வர்."

அவன் வைஃபை பெட்டியைப் பார்த்தான். இத்தனை மாதமும் அதைத்தான் சர்வர் என்று நினைத்துத் துடைத்து வந்திருக்கிறான். "அப்ப எங்கம்மா?" என்றான். எனக்கு அவன்மேல் வந்த கோபம் அப்படியே என்மேல் திரும்பியது. கம்பெனியில் ஒரு ஸ்பேனருக்குக்கூடப் பெயர் ஒட்டுகிற நான், வீட்டில் அந்தப் பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டவில்லை.

வாளியோடு ஓடினோம். வந்த பெட்டியை உடைத்துச் செம்பு எடுப்பதுதான் அந்தக் கடையில் வழக்கம். ஆனால் தராசுக்கும் சம்மட்டிக்கும் நடுவில் எங்கள் பெட்டி முழுசாக உட்கார்ந்திருந்தது, பொட்டும் பூவும் வைத்து, சிவப்பு டேக் தொங்க. எனக்குக் கும்பிடத் தோன்றியது. வாளியை நீட்டி, அதைத் திருப்பிக் கேட்டோம்.

கடைக்காரர் அசையவில்லை. "பூஜையன்னிக்கு கம்ப்யூட்டர் தானா வந்துகீது. சரஸ்வதி மாரி. வச்சத நாளிக்கு காலைலதான் எடுக்கணும் சார்."

அவன் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். கடைக்காரர் கேட்டுவிட்டு, உடைக்காமல் வைத்திருப்பதாகச் சத்தியம் செய்து, இருவருக்கும் பொரி கொடுத்து அனுப்பினார். அவன் பொரியைத் தொடவில்லை. இரண்டு பங்கையும் நான்தான் தின்றேன். பதற்றத்தில் எனக்குப் பசிக்கும்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் நின்றோம். பெட்டியை என்னிடம் தராமல் அவனே சுமந்து வந்தான். வயரைச் செருகினேன். ஃபேன் இரைந்தது. பூவிதழ் ஒன்று பின்பக்கத்திலிருந்து பறந்து வந்தது. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது.

பிறகு வரிசையாக எல்லாம் வந்தன. கைக்குக் கிடைத்த ஒன்றைத் தட்டினான். அவன் அம்மாவின் குரல்.

"ஏய்யா, லீவுக்கு வந்தவன் சும்மா இருக்கக் கூடாதா? எம் பழைய மிக்சிய யாரக் கேட்டுத் தூக்கிப் போட்ட? ஓடிக்கிட்டுல்லா இருந்துச்சு!"

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான், சிரித்தபடியே அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து சிவப்பு டேக்கை அவிழ்த்தான். அப்புறம், அம்மாவின் அந்தத் திட்டை மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டான்.