நடந்தால் வரும் பாட்டு

மழைக்காலத்தில் பண்டரிபுரத்துக்கு நடந்துபோகிறவர்களுக்கு, வழியில் இருக்கும் ஹடப்சரில் எங்கள் வாசலில் உட்கார்ந்து டீ கொடுப்பேன். ஒரு வருஷம், கழுத்தில் கைத்தாளம் தொங்க, வெடித்த பாதத்தோடு ஒரு பெரியவர் வந்தார். ஒரு பாட்டு பாடச் சொன்னேன்.

"நின்னா வராது, மாவுலி. நடந்தாத்தான் வரும்," என்றார் மராத்தியில். அவர்களுக்கு எல்லாருமே மாவுலி, தாய்.

"டீ மட்டும் நின்னாலும் உள்ள போகுதே?"

சிரித்தார். "கூட வாங்க, பாடுறேன்."

மூட்டுவலியால் மாசக்கணக்கில் தெருவில் இறங்காதவள் நான். தோற்கப் பிடிக்காமல் செருப்பை மாட்டினேன். முதல் அடியிலேயே பாட்டு வந்தது. பஸ் ஸ்டாப்புக்கு மேல் என்னால் முடியவில்லை, நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். போகப்போகப் பாட்டு வேகம் பிடித்தது. அதுவரை என் நடைக்காகத்தான் இழுத்துப் பாடியிருக்கிறார். நின்றால் வராது என்றதும் எனக்காகச் சொன்னதுதானோ என்னவோ.