ஸ்பூனர் பள்ளத்தின் எல்லைக் கம்பங்கள்

மார்லிஸ் ட்வைட்டைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொரு விதமாகத் திட்டுவார்கள். சறுக்குக்காரர்களைக் கேட்டால், கூட இருந்தே காலை வாரிவிட்டவள் என்பார்கள். வண்டிக்காரர்களைக் கேட்டால், நல்லவள்தான், ஆனால் வாய்க்கொழுப்பு ஜாஸ்தி என்பார்கள். என்னைக் கேட்டால் நானும் திட்டத்தான் செய்வேன். முப்பது குளிர்காலமாக அவளோடு மலையேறியவள் நான், எனக்கு அந்த உரிமை உண்டு.

ஹார்லன் கிராசிங்கில் வருஷத்தில் பாதி பனிதான். அந்தப் பாதி வருஷமும் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கும். காலில் பலகையைக் கட்டி, வழுக்காமலிருக்க அதன் அடியில் ரோமப் பட்டையை ஒட்டி, மூச்சிரைக்க மலையேறி, ஒரே ஒரு முறை சறுக்கி இறங்குவதற்காக ஒரு முழு நாளைத் தொலைக்கும் பைத்தியங்கள் ஒரு கட்சி. பனிவண்டியை முடுக்கி, குடுவையில் இருக்கும் காப்பி ஆறுவதற்குள் அதே மலை உச்சிக்குப் போய்விடுபவர்கள் இன்னொரு கட்சி. நானும் மார்லிஸும் முதல் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் அரசாங்கத்தின் வனப்பூங்கா, பூங்காவுக்குள் மலைச்சரிவில் கிண்ணம்போல் குழிந்து கிடக்கும் ஸ்பூனர் பள்ளம். சண்டையெல்லாம் அந்தப் பள்ளத்துக்காகத்தான்.

மேல்பள்ளம் எங்களுக்கு, கீழ்ப்பள்ளம் அவர்களுக்கு என்று பூங்காக்காரர்கள் என்றைக்கோ ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காகிதத்தில் கோடு போட என்ன கஷ்டம்? மலையில் அந்தக் கோடு தெரிய வேண்டுமென்றால், ஆரஞ்சு வில்லை வைத்த மூங்கில் கம்பங்களை, இரண்டு பள்ளத்துக்கும் நடுவிலிருக்கும் முகட்டின் மேல் வரிசையாக நட வேண்டும். ஒரு புயல் அடித்தால் கம்பம் கழுத்துவரை முழுகிவிடும். பிடுங்கி மறுபடி மேலே நட வேண்டும். அடுத்த புயலுக்கு மறுபடியும் அதே வேலை. இந்தச் சம்பளமில்லாத வேலையை மார்லிஸ் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் முன்னால் தடம் போட்டு ஏறுவாள், நான் கம்பக் கட்டைச் சுமந்துகொண்டு பின்னால் போவேன். கோட்டை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று எங்கள் ஆட்களும், திருடிவிட்டாள் என்று அவர்களும் அவளைக் கரித்துக் கொட்டுவார்கள். அவள் காதிலேயே வாங்க மாட்டாள்.

அவள் பிறந்தது கிழக்கே கோதுமைக்காட்டில். கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவள். அவள் புருஷன் ஆர்லோ பனிவண்டி மெக்கானிக், பரம வண்டிக்காரன். எங்கள் கட்சிக்காரி ஒருத்தி வண்டிக்காரனோடு எப்படிக் குடித்தனம் செய்கிறாள் என்று ஊரே கேலி செய்யும். ஆர்லோ போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷமாகிறது. அவன் வண்டி இன்னமும் கொட்டகையில் போர்த்தியபடி நிற்கிறது. மார்லிஸ் அதை ஓட்டவும் மாட்டாள், விற்கவும் மாட்டாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் அவள். இந்த ஊரில் நாற்பது வயதுக்குட்பட்ட எல்லோரும் அவள் கையால் சாப்பிட்டவர்கள்தான். மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக்குழம்பு, தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை இனிப்பு ரொட்டி. இதென்ன சேர்க்கை என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், எங்களுக்கு மிச்சம்.

வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தடத்தில் எதிரே யாராவது வந்தால், முதலில் வருகிறவன் கையைத் தூக்கி, தனக்குப் பின்னால் எத்தனை வண்டி வருகிறதோ அத்தனை விரலைக் காட்டுவான். கடைசியில் வருகிறவன் மூடிய முஷ்டியைக் காட்டுவான். எனக்குப் பின்னால் யாரும் இல்லை, நீ நிம்மதியாகப் போ என்று அர்த்தம். எங்கள் சறுக்குச் சங்கத்துக்குத் தலைவியாக வந்த ஃபீபி லாங்கர், நகரத்திலிருந்து வந்த புதிதில், ஒரு வண்டிக்காரன் முஷ்டியைக் காட்டி மிரட்டினான் என்று பூங்கா அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊரில் யாரைப் பார்த்தாலும் ஃபீபிக்கு முஷ்டியைக் காட்டினார்கள். மார்லிஸுக்கு அந்தச் சைகைகள் எல்லாம் ஆர்லோ சொல்லிக்கொடுத்து அத்துப்படி.

கீழ்ப்பள்ளத்தையும் சேர்த்து மூடுங்கள், பள்ளத்துக்குள் வண்டியே வரக்கூடாது என்று நாங்கள் பத்துப் பன்னிரண்டு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தோம். எத்தனை கூட்டம், எத்தனை கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் வண்டிக்காரர்கள் எழுந்து நின்று, "நாங்க கோட்டைத் தாண்டுறதே இல்ல, அப்புறம் எதுக்கு மூடணும்?" என்று கேட்பார்கள். எங்களிடம் அதற்குப் பதில் இருக்காது.

போன ஜனவரியில் பதில் கிடைத்தது. வேட் சோரன்சன் என்பவன் வெளியூர்க்காரர்களைப் பனிவண்டியில் மலைக்கு அழைத்துப் போகும் வழிகாட்டி. மரம் அறுக்கும் மில் மூடிய பிறகு அவனுக்கு அதுதான் பிழைப்பு. அவனும் அவன் கூட்டிப்போன ஆட்களும் மேல்பள்ளத்துக்குள் நன்றாகவே புகுந்து ஓட்டியிருந்த தடத்தை ஃபீபி படமெடுத்துவிட்டாள். வேட்டின் அனுமதியைப் பூங்கா நிறுத்திவைத்தது. கம்பம் அங்கேதான் இருந்தது, கம்பத்தை ஒட்டித்தான் ஓட்டினேன் என்று அவன் தலையிலடித்துச் சொன்னான். யார் நம்புவார்கள்? போய்ப் பார்த்தபோது கம்பங்கள் முகட்டின் மேல் ஒழுங்காக நின்றன. அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்ப்பும் சேர்ந்தே வரும் என்றார்கள். வேட்டுக்கு அனுமதி ரத்து, எங்களுக்குப் பள்ளம்.

கூட்டத்துக்கு முந்தின மத்தியானம் மார்லிஸ் என் சலவைக்கடைக்கு வந்தாள். துணிமூட்டை இல்லாமல் வந்தாள். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றாமலே இருந்தாள்.

"டோரீன், வேட் பொய் சொல்லலடி."

"அவன் பேச்சு இப்ப எதுக்கு?"

"கம்பம் அங்கதான் இருந்துச்சு. நான்தான் நட்டேன்."

எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த வாரம், அவள் தனியாகப் போயிருக்கிறாள். மேலே ஏறியதும் பனிமூட்டம் கவிந்துகொண்டது. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை, குளிரில் போனும் செத்துவிட்டது. காலடியில் ஒரு சறுக்குத் தடம் தட்டுப்பட்டது. முந்தின வாரம் தான் போட்ட தடம்தான் என்று நம்பி அதையே பிடித்துக்கொண்டு போனாள். எங்கள் கூட்டத்துக்கே உள்ள வியாதி இது. தடம் என்று ஒன்று இருந்தால் போதும், யார் போட்டது, எங்கே போகிறது என்று கேட்காமல் காலை வைத்துவிடுவோம். அது வேறு யாரோ போட்ட தடம், முகட்டை விட்டு மேல்பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டில் போயிருக்கிறது. பழைய கம்பங்கள் கண்ணில் படவில்லை, முழுகியிருக்கும் என்று நினைத்துப் கொண்டுபோன புதுக் கம்பங்களை அந்த மேட்டிலேயே வரிசையாக நட்டுவிட்டு வந்துவிட்டாள். வானம் தெளிந்த பிறகு போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி முகட்டில் நட்டாள். அவள் பிடுங்குவதற்கு முந்தின நாள்தான் வேட் அந்தப் பக்கம் ஓட்டியிருந்தான்.

நான் கடைக்கதவைச் சாத்தினேன்.

"சரி, தப்பு நடந்துபோச்சு. நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு. பள்ளம் நம்ம கைக்கு வந்துடும். அப்புறம் பாஸ்டர்கிட்ட போய் எவ்வளவு வேணா அழுதுக்க."

"அவன் பிழைப்பு?"

"வேற வேலை பாத்துக்குவான்."

"இந்த ஊர்ல வேற என்னடி வேலை இருக்கு?"

"நீ யார் கட்சி மார்லிஸ்? பன்னெண்டு வருஷம். நாம கத்துன கத்தலுக்கெல்லாம் இப்பத்தான் ஒரு பலன் வருது. அதை நீயே கெடுப்பியா?"

"எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள். "கம்பம் நடுறதுகூட அலுக்கல. கட்சி அலுத்துப்போச்சு."

அவள் போன பிறகு ஒரு வாடிக்கையாளரின் கம்பளிச் சட்டையைச் சுடுதண்ணீரில் போட்டுச் சுருக்கிவிட்டேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

கூட்டம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. கல்யாணத்தில் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் உட்காருவது போல் இடது பக்கம் அவர்கள், வலது பக்கம் நாங்கள். மார்லிஸ் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து ஒலிபெருக்கிக்குப் போனாள். போகும்போது அவள் கோட்டு நுனியை நான் பிடித்து இழுத்தேன், உண்மைதான். அவள் நிற்கவில்லை.

"வேட் கம்பத்தைத் தாண்டல. கம்பந்தான் கோட்டைத் தாண்டியிருந்துச்சு. பனிமூட்டத்துல யாரோ போட்ட தடத்தை என் தடம்னு நினைச்சு, அது மேல நட்டுட்டேன். அவன் கம்பத்தைப் பாத்துத்தான் ஓட்டினான். அவ்வளவுதான்."

இடது பக்கம் கைதட்டல் எழுந்தது, எவனோ விசிலடித்தான். மார்லிஸ் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"கைதட்டாதீங்க. நான் உங்க பக்கம் இல்ல. அந்தப் பள்ளத்துல வண்டி வரக்கூடாதுன்னுதான் இப்பவும் சொல்றேன். உங்க சத்தமும் புகையும் எனக்கு ஆகாது. ஆனா அதுக்காகச் செய்யாத தப்பை ஒருத்தன் தலையில கட்ட முடியாது."

கைதட்டல் நின்றது. அவள் திரும்பி வந்தபோது ஃபீபி கேட்டாள். "இதை இன்னிக்குத்தான் சொல்லணுமா? ஒரு மாசமா வாய்ல என்ன வச்சிருந்தே?"

"பயம்" என்றாள் மார்லிஸ்.

வேட்டுக்கு அனுமதி திரும்பக் கிடைத்தது. பள்ளத்தைப் பற்றி இன்னும் இரண்டு வருஷம் ஆய்வு செய்துவிட்டுச் சொல்கிறோம் என்று பூங்கா அதிகாரி எழுந்துவிட்டார். வாசலில் வேட் அவளிடம் வந்தான். ஆறடி ஆள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மிஸஸ் ட்வைட், ரொம்ப..."

"நன்றியெல்லாம் வேணாம். சின்ன வயசுல ரெண்டாவது ரொட்டிக்குத் தட்டை நீட்டும்போது நன்றி சொன்னியா? போ, போய் ஒழுங்கா ஓட்டு."

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் யாரும் அவளோடு பேசவில்லை. சங்கத்தின் சனிக்கிழமைச் சூப்புக்கு அவளைக் கூப்பிடவில்லை. கடைத்தெருவில் அவளைக் கண்டால் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நானும் பேசவில்லை. தப்பு என்றெல்லாம் இப்போதும் நினைக்கவில்லை. பள்ளம் போனது போனதுதானே. ஆனால் அவளில்லாமல் மலையேறப் பிடிக்கவில்லை. வேறு ஆட்களோடு இரண்டு முறை போனேன். சறுக்குவதைவிடப் பேசுவதுதான் அவர்களுக்கு ஜாஸ்தி.

பிப்ரவரிக் கடைசியில் பெரிய புயல் அடித்து ஓய்ந்தது. கம்பங்கள் முழுகியிருக்கும் என்று ஊருக்கே தெரியும். சங்கத்தில் ஒருவரும் அசையவில்லை. மறுநாள் காலை கடையைத் திறக்கும்போது மார்லிஸின் டிரக் மலைச்சாலையில் போவதைப் பார்த்தேன். பின்னால் கம்பங்கள், முன்னால் அவள் மட்டும். அறுபத்து மூன்று வயது, ஒரு முட்டிக்கு ஏற்கெனவே கத்தி வைத்தாயிற்று. பனிச்சரிவு விழுந்தால் தோண்டி எடுக்கக்கூட ஆள் இல்லாமல் போகிறாள். கழுதை என்று திட்டிக்கொண்டே கடையைப் பூட்டினேன்.

மலையடிவாரத்தில் அவள் டிரக் நின்றது. சுமக்க முடியாத பாதிக் கட்டு பின்னாலேயே கிடந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் தடத்திலேயே ஏறினேன். இந்தத் தடம் யார் போட்டது என்று எனக்குச் சந்தேகமில்லை. வலது கால் கொஞ்சம் இழுத்திருந்தது. பாதி வழியிலேயே எனக்கு மூச்சு முட்டியது. எங்கள் வயதுக்கு இதெல்லாம் தேவையா என்று தோன்றியது.

மரங்கள் முடியும் இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகட்டின் மேல் ஒரு கம்பத்தைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். முகட்டை ஒட்டி வண்டித்தடம். அதில் பனிவண்டிகள் வரும் சத்தம் கேட்டது. முதல் வண்டியில் வேட். அவளைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தான், புகை அவள் மேல் படாமல் ஒதுங்கி, கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டினான். பின்னால் வந்தவன் ஒரு விரல். கடைசியில் வந்தவன் முஷ்டி.

சறுக்குக்காரர்கள் யாரும் பதில் சைகை காட்டுவதில்லை, அது எங்கள் வழக்கமில்லை. ஆனால் மார்லிஸ் காட்டினாள். ஒரு கையில் கம்பத்தைப் பிடித்தபடி இன்னொரு கையைத் தூக்கினாள். முஷ்டி மூடியிருந்தது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

வண்டிகள் போன பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் இறங்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, என்னைக் கேட்காமல் அவளாக எப்படி அப்படிச் சொல்லலாம் என்று. மீதித் தூரத்தை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"கணக்குத் தப்பு" என்றேன். "ஒரு விரல் காட்டியிருக்கணும்."

மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், தோளில் இருந்த கட்டைப் பார்த்தாள்.

"ரொம்ப மெதுவா வர்றேடி" என்றாள்.

நான் கட்டிலிருந்து ஒரு கம்பத்தை உருவி அவளிடம் நீட்டினேன்.