ஜின் பிடித்த குண்டு

கனடாவில் இருக்கும் என் மனைவியின் தம்பி போன வருடம் ஒரு போன் எடுத்து என் நிம்மதியைக் கெடுத்தார். மகள் இரும்புக் குண்டு போடுதலில் மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்த நேரம். மாலை ரியூஷனை நிறுத்திவிட்டுப் பயிற்சிக்குப் போகவா என்று அவள் கேட்டிருந்தாள். நான் மழுப்பிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், முதல்ல அவளின்ர துப்பலை அனுப்புங்கோ. தசைக்குப் பெலன் குடுக்கிற ஜீன் இருக்கோ எண்டு இங்க பாப்பம். இல்லாட்டி ஏன் வீணாப் படிப்பைக் குழப்புவான்?"

அதன் பிறகு போனும் கையுமாக அதைப் பற்றித் தேடி வாசித்துக்கொண்டு திரிந்தேன். சட்டென்று இழுத்து உதைக்கும் தசை நார்களில் ஒரு புரதம் உண்டாம். அதற்கான ஜீன் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. சிலருக்கு இரண்டுமே வேலை செய்யாதாம். நல்ல குறுந்தூர ஓட்டக்காரர்களுக்குள் அப்படியானவர்கள் குறைவாம். இது ஒன்று மட்டும் போதாது, வேறும் பல ஜீன்கள், சாப்பாடு, பயிற்சி என்று பக்கத்தின் அடியில் எழுதியிருந்ததாம். பயந்தவன் அவ்வளவு தூரம் கீழே போக மாட்டான்.

மனைவியின் ஆட்கள் பெரியமடுவில் நெல் மூட்டையைத் தலையணை போலத் தூக்குபவர்கள். ஆகவே பழுது என் பங்கில்தான். என் தசையைச் சோதிக்கக் கிணற்றடியில் துள்ளிப் பார்த்தேன்.

"என்னப்பா, எறும்பு கடிச்சிட்டுதோ?" என்றாள் மனைவி.

ஆறுதல் தேடி பஸ் நிலையத்தடிக்குப் போனேன். அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவன் என்னோடு பள்ளியில் படித்த முஸ்லிம் நண்பன். "மகளுக்கு ஜீன் இருக்கோ தெரியேல்லடா" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "எப்ப இருந்து? தனியாச் சிரிக்கிறாளோ?"

"இல்லை, குண்டு போடுறாள்."

"அப்ப பெலமான ஜின்தான். பயப்பிடாத, மௌலவியிட்டச் சொல்லி ஓதின தண்ணி வாங்கித் தாறன்."

"இருக்க வேணும் எண்டு மடு மாதாவிட்ட நேர்ந்திருக்கிறன்டா."

அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், ஓத வேண்டிய ஆள் மாறிவிட்டது தெரிந்தது. பாடப் புத்தகத்தில் படித்த 'பரம்பரையலகு' என்ற சொல்லைத் தேடிப் பிடித்துச் சொன்ன பிறகுதான், ஆளைப் பிடிக்கும் ஆவியான ஜின் இல்லை என்று விளங்கி வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.

சிரிப்பு அடங்க, எங்கள் பள்ளிக்கால விளையாட்டுப் போட்டி வந்து கடையில் உட்கார்ந்துகொண்டது. சுண்ணாம்புக் கோடுகள், அணிக்கொன்றாகத் தென்னோலை கட்டிய இல்லங்கள், இரைகிற ஒலிபெருக்கி. பள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு குண்டு. கழுத்தில் வைத்தால் கறள் பிடித்த இரும்பின் மணம் குளிக்கும்வரை போகாது. நான் போட்டபோது விளையாட்டுப் படிப்பித்த சேர் அளவு நாடாவையே விரிக்கவில்லை, சப்பாத்தால் அளந்தார். இவன் போட்டது உருண்டு போய், பள்ளியை நடத்திய ஃபாதரின் கீரைப் பாத்தியை நாசமாக்கியது.

"எங்கட வாப்பா தையல்காரன். நூல் மாதிரி இருந்தவர், உம்மா அதிலயும் மெலிவு. நான் எந்தப் பரம்பரையில போட்டனான்?" என்றான்.

"அதுதான் கேக்கிறன்."

"எனக்கு அந்தக் குண்டில விசர். பள்ளி விட்ட பிறகும் இருட்டும்வரை போட்டனான். நீ ரேடியோவில கிரிக்கெட் கொமென்றி கேக்க ஓடிட்டாய்."

கறள் மணம் மூக்கில் இருக்கவே வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாமா எனக்கும் சொன்னவர். துப்பல் அனுப்பலாம், அப்பா. இல்லையெண்டு வந்தாலும் நான் போடுவன். ரியூஷனுக்கு என்ன சொல்லுறியள்?"

"நிப்பாட்டு" என்றேன்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் கடற்கரை வெளியில் அவள் போடுவாள், நான் குண்டை எடுத்துக் கொடுப்பேன். முதல் நாள் நான் நின்ற இடத்தைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

"அப்பா, அதில நிண்டா உங்கட காலிலதான் விழும். இன்னும் பின்னுக்குப் போங்கோ."

போனேன்.