நின்று கும்பிட ஒரு ஜீப்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு நாள் அறிவுச்செல்வனைத் தேடி வந்தே ஆக வேண்டும். கூரைக்கு கான்கிரீட் போடும்போது அடியில் முட்டுக்கொடுக்கிற சென்ட்ரிங் தகடுகளையும் ஜாக்கிகளையும் வாடகைக்கு விடுகிறவர் அவர். இருபது வருஷத் தொழில். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளின் கூரையை அவருடைய தகடுகள்தான் பதினைந்து நாள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. கிரகப்பிரவேசத்துக்கு மேஸ்திரியைக் கூப்பிட்டு வேட்டி கொடுப்பார்கள், பெயின்டருக்குக்கூடச் சாப்பாடு உண்டு. சென்ட்ரிங் கடைக்காரரை மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை. அந்தக் குறையை அவர் வெளியே சொன்னதில்லை. அதற்குப் பதிலாக நாற்பத்தெட்டாவது வயதில் கார் வாங்கக் கிளம்பினார்.

ஷோரூமில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்யூவி. உயரமான டயர், தடித்த பம்பர், ஏறுவதற்குப் படி, மூன்று வரிசைக்கும் ஏசி. எப்பேர்ப்பட்ட குண்டுகுழியிலும் குடும்பத்தைக் குலுங்காமல் கொண்டுபோகும் என்றார்கள். மற்றது கூரையைக் கழற்றி வைத்துவிடக்கூடிய ஜீப். இரண்டு கதவு, நாலு சீட்டு. அறிவுச்செல்வன் எஸ்யூவியைப் பார்த்துத் தலையாட்டினார். ஜீப்பைப் பார்த்துச் சிரித்தார். கூட வந்திருந்த மனைவி வேதாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் அவர். விடை தப்பாகப் போகிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

“இது ஆஃப்ரோடு வண்டி சார்,” என்றார் விற்பனையாளர் பாலாஜி. “ரெண்டடித் தண்ணியில அசால்ட்டா போவும்.”

“ரெண்டடித் தண்ணி எங்க இருக்குது?” என்றார் வேதா. “நம்ம ஏரியிலயே முழங்காலுக்குத்தான் நிக்குது.”

“லைஃப்ஸ்டைல் வண்டிங்க மேடம் இது.”

“எங்க லைஃப் இன்னான்னு சொல்றேன், கேளுங்க. எங்கம்மாவுக்கு ரெண்டு முட்டியிலயும் வலி. பொண்ணு வேலூர் ஹாஸ்டல்ல இருக்கா, லீவுக்கு வந்தா மூணு பொட்டி. ஊர்லேர்ந்து வருஷத்துக்கு நாலு மூட்ட அரிசி வரும். இதெல்லாம் ஏத்தினப்புறம் எடம் மிச்சமிருந்தா ஸ்டைல வச்சிக்கலாம்.”

முட்டிவலிக்காரரான ராணியம்மாளும் அங்கேதான் இருந்தார். ஜீப்பின் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி, அந்தச் சந்துக்குள் நுழைய வேண்டும். பாலாஜி உள்ளேயிருந்து ஒரு கையைப் பிடித்து இழுத்தார். வெளியே அறிவுச்செல்வன், மாமியாரை எங்கே பிடித்துத் தள்ளுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் காற்றில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் வேதாதான் தள்ளினார்.

“உள்ள நல்லாத்தான் இருக்குது மாப்ள,” என்றார் ராணியம்மாள், மூச்சு வாங்கி முடித்த பிறகு. “எறங்கறது எப்பிடி?”

இறக்குவதற்கு இன்னொரு ஆள் வரவேண்டியிருந்தது. அடுத்து எஸ்யூவியில் படியை மிதித்துத் தானே ஏறி உட்கார்ந்துகொண்டவர், “இதுல படுத்துக்கினே கூடப் போலாம்டி,” என்றார். பாலாஜிக்கு வேலை முடிந்தது மாதிரிதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அறிவுச்செல்வன் ஜீப்பின் கூரையைக் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். உள்ளே ஏறி, குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். காம்பவுண்டு சுவருக்கு மேலே ரோடு தெரிந்தது. ரோட்டில் பைக்கில் போன யாரோ ஒருவர், இவர் யாரென்று தெரியாமலேயே, நெற்றியில் கைவைத்து ஒரு சலாம் போட்டுவிட்டுப் போனார்.

அந்த சலாம் போதுமானதாக இருந்தது.

வீட்டில் இரண்டு வாரம் வாதம் நடந்தது. ஜவ்வாது மலைக்குப் போகலாம் என்றார் அறிவுச்செல்வன். ஜவ்வாது மலைக்கு பஸ்ஸே போகிறது என்றார் வேதா.

“பாதையே இல்லாத எடத்துல கூடப் போலாம் வேதா.”

“பாதையே இல்லாத எடத்துல நமக்கு இன்னா வேல?”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாதது ஒரு முடிவைத் தடுத்ததாக எங்கள் ஊரில் சரித்திரம் கிடையாது. “வாங்குங்க,” என்றார் வேதா கடைசியில். “என்ன மட்டும் ஏறச் சொல்லாதீங்க. எனக்கு எட்டு இருபது பஸ் இருக்குது.”

பங்குனியில் ஜீப் வந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அடுத்து வந்தது சித்திரை. திருவண்ணாமலை வெயிலைப் பற்றி ஷோரூமில் யாரும் பேசவில்லை. மலை பகலெல்லாம் சூட்டை வாங்கிச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிற ஊர் இது. பத்து மணிக்கு ஸ்டியரிங்கைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். கிரிவலப் பாதையில் ஒரு தடவை இளநீர் குடிக்க நிறுத்தினார். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு குரங்கு முன்சீட்டில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைக் கடித்துப் பார்த்துப் பிடிக்காமல், அவர் கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வீட்டில் இதை அவர் சொல்லவில்லை. இளநீர்க்காரர் சொல்லிவிட்டார்.

ஆவணியில் சித்தப்பா மகன் திருமலை வந்தார். “அண்ணே, எம்புள்ள கோபி கல்யாணத்துக்கு உன் ஜீப்பு வேணும். மாப்ள அழைப்பு அதுலதான்.”

அறிவுச்செல்வனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. புதுப் பட்டுச்சட்டை தைத்துக்கொண்டார். மாலை ஐந்து மணிக்குக் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. ஜீப்பில் கோபி நின்றான். அவனுடைய சிநேகிதர்கள் மூன்று பேர் நின்றார்கள். யாராவது ஒருவர் உட்கார்ந்தால்தானே வண்டி நகரும்? உட்கார்ந்தவர் அறிவுச்செல்வன். பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் முதல் கியரிலேயே ஊர்ந்தார். இடதுகால் மரத்துப் போனது. தூவிய பூவெல்லாம் அவர் சட்டைக்குள் விழுந்தது. மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெண்வீட்டுக்காரர் ஒருவர் மாப்பிள்ளையைக் கைலாகு கொடுத்து இறக்கிவிட்டு, இவர் பக்கம் திரும்பினார்.

“டிரைவர் அண்ணே, வண்டிய அந்த ஓரமா போட்டுட்டுப் பின்னாடி பந்தியில ஒக்காந்துக்கங்க. சாப்பாடு ரெடியா இருக்குது.”

நான் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அந்த ஆள் வேறு யாருக்கோ சந்தனம் நீட்டப் போய்விட்டார். அறிவுச்செல்வன் இரண்டு வேன் டிரைவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள், சொன்னார். சாப்பாடு நன்றாக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து வந்த ஆல்பத்தில் ஜீப் பதினாறு படங்களில் இருந்தது. அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடியில் கட்டிய மாலை தொங்கியது.

ஒரு தடவை கொடுத்தால் போதும், ஊர் மறக்காது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியரை ஜீப்பில் நிற்க வைத்து வீடுவரை கொண்டுபோனார்கள். கபடிக் கோப்பை வாங்கிய பள்ளி மாணவிகள் ஏழு பேர் நின்றார்கள். சதுர்த்தி முடிந்து கரைக்கப் போன பிள்ளையாரும் நின்றுகொண்டே போனார். பிள்ளையாருக்கும் அறிவுச்செல்வன்தான் டிரைவர்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தை மாதத்தில் அவரே ஒரு காரணத்தை உண்டாக்கினார். கடைக்கு இருபதாம் ஆண்டு நிறைவு விழா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஜீப்பின் முன்னால் அவர் கைகூப்பிய படம் போட்ட ஃப்ளெக்ஸ். கடையில் தகடு ஏற்றும் குட்டியானை வண்டியை ஓட்டும் மணியை ஜீப் ஓட்டச் சொன்னார்.

“எங்க போவணும் முதலாளி?”

“எங்கயும் போவ வேணாம். மெதுவா போ.”

செங்கம் ரோட்டில் அவர் நின்றபடியே போனார். இரண்டு பக்கமும் பார்த்துக் கும்பிட்டார். ரமணாசிரமத்துக்கு எதிரே வெள்ளைக்காரர்கள் சிலர் பதிலுக்குக் கண்ணை மூடி, தலை தாழ்த்திக் கும்பிட்டார்கள். அவர் வாழ்க்கையில் அவ்வளவு பக்தியோடு அவரை யாரும் பார்த்ததில்லை. வேகத்தடையில் ஒரு தடவை தாடை கம்பியில் இடித்தது. அதையும் புன்சிரிப்போடு தாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் வண்டி ஒரு சின்னத் தெருவுக்குள் நுழைந்தது. அங்கே டீக்கடை வைத்திருக்கிற பாஞ்சாலை கரண்டியோடு ரோட்டில் இறங்கி வண்டியை மறித்தார்.

“நில்லுங்க, நில்லுங்க. எந்தக் கட்சிங்க நீங்க?”

“கட்சியெல்லாம் இல்லம்மா. கடைதான்.”

“எதுவா இருந்தா இன்னா, கும்பிட்டுக்கினு வந்தீங்க இல்ல? இந்தச் சாக்கடைய கொஞ்சம் பாருங்க. மூணு மாசமா அடைச்சிக்கினு கீது. கடைக்கு ஆளே வரமாட்டேங்குறாங்க.”

உட்கார்ந்திருந்தால் அவர் சரியான பதிலைச் சொல்லியிருப்பார். நின்றுகொண்டிருந்ததால், “பாத்துக்கறேம்மா,” என்று சொல்லிவிட்டார். தெருவில் நாலு பேர் கைதட்டினார்கள். வீடு வரும்வரை அந்தக் கைதட்டல் அவர் காதிலேயே இருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலில் பாஞ்சாலையும் ஐந்து பெண்களும் நின்றார்கள். கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். அறிவுச்செல்வன் கடையைக் காட்டினார், வேலையைக் காட்டினார். பாஞ்சாலை ஜீப்பைக் காட்டினார். ஐந்து நிமிஷத்தில் ஆறு பேரும் பக்கவாட்டில் கால்வைத்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். இவர் ஓட்டினார். வாசலில் போலீஸார் பைகளைச் சோதித்து உள்ளே விட்டார்கள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு உண்மையான புகழ் வந்தது. ஜீப்பில் வருகிறவரிடம் சொன்னால் நடக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். முதியோர் பென்ஷன், பட்டா பெயர் மாற்றம், தெருவிளக்கு, தெருநாய், எம்.காம். படித்த மருமகனுக்கு ஒரு வேலை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டி நின்றால் மடியில் காகிதம் விழுந்தது. மூடிய காராக இருந்தால் கண்ணாடியைத் தட்டவாவது வேண்டும். இங்கே அந்தச் சிரமமும் இல்லை. ஒரு மூதாட்டி அவர் சட்டைப் பையிலேயே மனுவைச் செருகிவிட்டுப் போனார். அவர் யாருக்கும் எதுவும் செய்து கொடுத்ததில்லை. அதனால் நம்பிக்கை குறைந்ததாகவும் தெரியவில்லை.

அக்னி நட்சத்திரத்தில், ஊரே சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தபோது, அறிவுச்செல்வன் ஜீப்புக்குத் துணிக்கூரையை மாட்டி, பக்கவாட்டு ஜிப்புகளையெல்லாம் இழுத்து மூடிக்கொண்டு போக ஆரம்பித்தார். உள்ளே இட்லிப்பானை மாதிரி இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்ற வேதா ஒரு நாள் பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தார். வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். பக்கத்து டீச்சர், “உங்க சார் வண்டி மாதிரி இருக்குதே,” என்றார். “மாதிரிதான்,” என்றார் வேதா.

பாஞ்சாலை தெருவுக்கு ஒரு வழியாக ஆட்கள் வந்தார்கள். சாக்கடை மேல் இருந்த பலகைக் கல்லை உடைத்து எடுத்து, அடைப்பை எடுத்தார்கள். கல்லைத் திரும்பப் போடுவது அவர்கள் வேலை இல்லையாம்; போய்விட்டார்கள். மறுநாள் ஒரு ஸ்கூட்டரின் முன்சக்கரம் உள்ளே இறங்கியது. விஷயம் கடைக்கு வந்தது. அறிவுச்செல்வன் மனு எழுதவில்லை. விடிந்ததும் மணியைக் கூட்டிக்கொண்டு குட்டியானையில் போய், பழைய சென்ட்ரிங் தகடு மூன்றைப் பள்ளத்தின்மேல் போட்டுவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் வந்துவிட்டார். அவர் அந்த வருஷத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதற்கு ஜீப் தேவைப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து பாஞ்சாலை கடைக்கு வந்தார்.

“யாரோ தகடு போட்டுட்டுப் போயிருக்காங்க. வண்டி போனா டமால் டமால்னு சத்தம் ஜாஸ்தியா கீது. இதுக்கு யார்ட்ட மனு குடுக்கணும்?”

அன்று மத்தியானமே அவர் ஷோரூமில் இருந்தார். பாலாஜி ஜீப்பைச் சுற்றிவந்து பார்த்தார். காட்டிலும் மேட்டிலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கென்று தனியாக ஒரு கியர் உண்டு. அதன் கைப்பிடியில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

“ஆஃப்ரோடே போவலியா சார்?”

“எக்ஸ்சேஞ்சுக்கு இன்னா குடுப்பே, அத்த சொல்லு.”

எஸ்யூவி வேதாவின் பெயரில் வந்தது. வேதா ஒரு மாதம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டார். எட்டு இருபது பஸ்ஸை விட்டுவிட்டார். மகள் ஆர்த்தியை லீவுக்கு அழைத்துவர மூன்று பேரும் வேலூர் போனார்கள். ராணியம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் கடலைமிட்டாய் சாப்பிட்டார். பின்னால் அறிவுச்செல்வன் கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஏசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, போளூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

ஹாஸ்டல் வாசலில் வேதா வண்டியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. அறிவுச்செல்வன் துள்ளி இறங்கி, வெயிலில் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, இரண்டு கையையும் ஆட்டினார். “வரட்டும், வரட்டும். ரைட்டுல ஒடி. இன்னும் வரட்டும்.”

வேதா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

“இன்னாங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ரிவர்ஸ் கேமராவ மறைக்கிறீங்க.”

அவர் தள்ளி நின்றார். வண்டி ஒரே மூச்சில் கோட்டுக்குள் போய் நின்றது.