இரண்டு லைன்களுக்கு நடுவில் செல்வராணி

“சார், வியாபாரம் பண்ற நாடுங்க சண்டை போடாதுன்னு எம்பொண்ணு புஸ்தகத்துல இருக்குது. நெஜமா?”

எங்கள் தெருச் செல்வராணி ஒருமுறை என்னிடம் கேட்டது இது. வகுப்பில் ஆண்டுதோறும் சொன்ன உதாரணத்தையே அவருக்கும் சொன்னேன்: “மிஷின் ஒருத்தியிடம், நூல் இன்னொருத்தியிடம். அடித்துக்கொண்டால் இருவருக்கும் நட்டம்தானே?”

“எங்க லைனுக்கு வந்து பாருங்க சார்” என்று சிரித்தார்.

போன ஞாயிறு காலை அவர் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அம்மா போய்ட்டாங்க சார்.” மாரடைப்பு.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அங்கே தையல் பெண்கள் இரண்டு வரிசை: முதல் லைன் ஜெர்மனிக்குத் தைத்தது, இரண்டாவது லைன் அமெரிக்காவுக்கு. மதியத்தில் எல்லாப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து, குழம்பை மாற்றி மாற்றி ஊற்றிக்கொள்வார்கள். பிறகு அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியது, ஆர்டர் நின்றது. இரண்டாவது லைனை மூடப்போவதாக நிர்வாகம் சொன்னது.

“இருக்கிற வேலைய ரெண்டு லைனும் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யட்டும்” என்று செல்வராணி மன்றாடினார். நிர்வாகம் இசைந்தது. அவர் செய்த ஒரே தவறு, முதல் லைன் பெண்களை முன்கூட்டிக் கேட்காததுதான். கூடிச் சாப்பிட்டவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று நம்பிவிட்டார்.

மறுநாள் கம்பெனி கேட்டில் முதல் லைன் லலிதா அவரை மறித்துக்கொண்டார். “வரி போட்டது அவன். எங்க கூலி இன்னாத்துக்குக்கா பாதியாவணும்?”

“நேத்து வரைக்கும் என் குழம்ப ஊத்திக்கினியே, அப்போ எந்த லைனுன்னு கேட்டியாடி?” என்று பாய்ந்தார் இரண்டாவது லைன் மும்தாஜ்.

முடியைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கப் போன செல்வராணிக்கு உதடு கிழிந்தது. இதையே காரணமாகச் சொல்லி, நிர்வாகம் இரண்டாவது லைனை அந்த வாரமே மூடியது. வேலை போனவர்கள் அவரைக் கையாலாகாதவர் என்றார்கள். மிஞ்சியவர்கள் துரோகி என்றார்கள்.

சண்டை நடந்த அன்று மாலையே வீங்கிய உதட்டோடு செல்வராணி என் வீட்டுக்கு வந்திருந்தார். “நட்டத்துக்குப் பயந்து நாடுங்க சண்டை போடாதுன்னீங்களே சார். அந்த நட்டத்த எங்க மேல தள்ளிவுட்டுட்டா, அதுங்களுக்கு இன்னா பயம்?”

உதட்டில் வைக்க ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

அடக்கத்துக்கு இரண்டு லைன் பெண்களும் வந்திருந்தார்கள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். எல்லாரும் அழுதார்கள், எதிர்ப்பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை. பெட்டி நடுவில் போயிற்று.

என் பழைய உதாரணத்தை இனி யாருக்கும் சொல்லமாட்டேன். வீங்கிய உதட்டோடு அவர் கேட்ட கேள்வியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இன்னும் வேலையில் இருக்கும் பெண்களே, நாளைக் காலை கம்பெனி வேன் ஏறுமுன், வேலை போன ஒருத்தியின் வாசலில் நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.